முதல் காதல் மறுபடியும் கைவிட்டது, இவரை நம்பலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, ஒரே விஷயத்தைப் பேசுகின்றன. மூவரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இளமையில் நழுவிப்போன காதல் மறுபடி கைக்கு வந்து, வந்த வேகத்தில் கசந்து, இப்போது வேறொருவர் மீது மனம் சாய்வதைக் கண்டு தாங்களே பதறுகிறார்கள். முதல் கடிதம் நீளமானது. சுருக்க மனம் வரவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 47 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணவர் 2016-ல் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

1997-ல் நான்கு ரோடு பக்கம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேதான் அவரோடு பழக்கம். சாதி வேறு. வீட்டுக்குத் தெரிந்ததும் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தையிலேயே எனக்குக் கல்யாணம். அவர் மும்பைக்குப் போய்விட்டதாக மட்டும் காதில் விழுந்தது. என் கணவர் தங்கமான மனிதர். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கூட்டத்தில் அந்த முகம் தென்படுகிறதா என்று கண் தேடும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2022-ல் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி என்னை வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்தாள். அதில் அவர் இருந்தார். விவாகரத்தாகி, ஊர் திரும்பி, அழகாபுரத்தில் தனியாகக் குடியிருந்தார். பேசத் தொடங்கினோம். இரண்டு மாதத்தில் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைப்பதைப் பார்த்து மகளே கேட்டுவிட்டாள். மறைக்காமல் சொன்னேன். ‘செய்துகொள்ளுங்கள் அம்மா’ என்று அவள்தான் முன்நின்றாள். அன்று எதிர்த்த என் அண்ணனும் இந்தமுறை வாய் திறக்கவில்லை. நாள் பார்க்கலாம் என்கிற வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஏற்காடு போனோம். வகுப்பில் எல்லோருமாகச் சுற்றுலா போன பழைய நாளை அப்படியே திரும்ப நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. பஸ்ஸில் அதே பக்கம், அதே மூன்றாவது வரிசை. லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்க்க வேண்டும். மிளகாய் பஜ்ஜி தின்ன வேண்டும். பகோடா பாயின்ட் என்கிற இன்னொரு முனையில் ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்க வேண்டும். எனக்கோ முழங்கால் வலி. பஜ்ஜி தின்றால் இரவெல்லாம் நெஞ்செரிச்சல். ‘அன்றைக்கு ஓடினாயே’ என்றார். ‘அன்றைக்கு எனக்கு 19 வயது’ என்றேன். மலை இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் குறையாகவே தெரிந்தது. வியாபாரி ஒருவரிடம் போனில் நான் கறாராகப் பேசியதைக் கேட்டு, ‘நீ இப்படிப்பட்டவள் இல்லையே’ என்று முகம் சுளித்தார். நரைக்குச் சாயம் பூசச் சொன்னார். கூடத்தில் மாட்டியிருக்கும் என் கணவரின் படத்தைக் கழற்றச் சொன்னார். முடியாது என்றேன். ‘உன்னை நினைத்து நினைத்துத்தான் என் குடும்பமே கெட்டது’ என்று கத்தினார். அன்றோடு முடித்துக்கொண்டேன். 2 லட்சம் ரூபாய் கைமாற்றாக வாங்கியிருந்தார். பாதி வந்தது, மீதி நிற்கிறது.

இப்போது இன்னொருவர். எங்கள் கடைக்கு எலெக்ட்ரானிக் தராசு பழுதுபார்க்க வருகிறவர். அரசின் ஆண்டு முத்திரைக்கு முன் எல்லாத் தராசையும் சரிபார்த்துக் கொடுப்பார். 52 வயது. பல வருடமாகத் தெரியும். ‘வாருங்கள், உட்காருங்கள்’ என்பதற்கு மேல் பேசியதில்லை. போன மழைக்காலத்தில் நான் படியைப் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஏறுவதைப் பார்த்திருக்கிறார். கணக்கு மேஜையைக் கீழேயே போடலாமே என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். மேஜை கீழே வந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. முதலாளி சொல்லித்தான் தெரியும். பிறகுதான் பேச ஆரம்பித்தோம். மனைவி 12 வருடத்துக்கு முன் பிரிந்து நாமக்கல்லில் தாய்வீட்டோடு இருக்கிறார், விவாகரத்து வாங்கவில்லை. பேச ஆரம்பித்த முதல் வாரமே இதை அவராகவே சொல்லிவிட்டார்.

இது உண்மையான அன்பா, அடிபட்ட மனதுக்குக் கிடைத்த ஆறுதலா? 25 வருடம் நெஞ்சில் வைத்திருந்ததே பொய்யாகிவிட்டது. இனி என் மனதை நான் எப்படி நம்புவேன்? மகளிடம் சொன்னேன். ‘மறுபடியுமா அம்மா?’ என்றாள். கொழுந்தனாரோ, ‘மறுமணம் செய்தால் அண்ணன் வீட்டில் உங்களுக்குப் பங்கு கிடையாது’ என்கிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை

தங்கைக்கு,

மேஜையைக் கீழே இறக்க வைத்த அந்த மனிதரைப் பற்றி நிறையப் பேசவேண்டும். அதற்கு முன் வீட்டு விஷயம். அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு வேறெதையும் உங்களால் நிதானமாக யோசிக்க முடியாது.

உங்கள் கொழுந்தனார் சொல்வது தவறு. வீடு உங்கள் கணவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால், உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்த அன்றே உங்களுக்கும் மகளுக்கும் அதில் சம பங்கு வந்துவிட்டது. மாமியார் அன்று உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கொழுந்தனாருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அப்படி உங்களுக்கு வந்த பங்கு முழு உரிமையான சொத்து. பின்னால் மறுமணம் செய்துகொண்டீர்கள் என்பதற்காக அதை யாரும் பிடுங்க முடியாது. பூர்வீக வீடு என்றால் கணக்கு மாறும், ஆனால் அங்கேயும் மறுமணம் உங்கள் பங்கை அழிக்காது. வாரிசுச் சான்றிதழையும் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். கொழுந்தனாரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி, அழகாபுரத்துக்காரர். அவரோடு சேர நினைத்தது அசட்டுத்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வது வரிக்கு வரி தெரிகிறது. அப்படி நினைக்க வேண்டாம். பதின்வயதிலும் இருபதுகளிலும் நடந்தவை மற்ற வயதில் நடந்ததைவிட அழுத்தமாகப் பதிந்து நிற்கும் என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பலமுறை உறுதி செய்த விஷயம். அமெரிக்காவில் நான்சி கேலிஷ் என்ற உளவியல் பேராசிரியை 1990-களில், ஐந்து வருடமாவது பிரிந்திருந்து பழைய காதலரோடு மீண்டும் சேர்ந்த ஆயிரம் பேரிடம் விசாரித்தார். சிறுவயதில் பெற்றோர் எதிர்ப்பு போன்ற காரணங்களால் பிரிந்து, பிற்பாடு இருவரும் தனியாக இருக்கும்போது சேர்ந்தவர்களில் நிறையப் பேர் நிலைத்து வாழ்ந்தார்கள். அவர்கள் தாமாக முன்வந்து தங்கள் கதையைச் சொன்னவர்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனாலும் அப்படி வாழ்கிறவர்கள் உண்டு. குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்த வருடங்களில் நானே கண்டிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி அமைந்திருக்கலாம். அமையவில்லை.

ஏன் அமையவில்லை என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவர் பகோடா பாயின்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது 19 வயதுப் பெண்ணை. கூடவே வந்த, நாற்பதைத் தாண்டிய பெண்ணின் முழங்கால் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. கணவனைப் பறிகொடுத்து, மகளை ஆளாக்கி, வியாபாரிகளிடம் கறாராகப் பேசக் கற்றுக்கொண்ட இத்தனை வருடங்களை அவர் உங்களிடமிருந்து கழற்றி எறியப் பார்த்தார். சாயம், படம், பேச்சு எல்லாம் அதற்காகத்தான். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. தோற்றுப்போன ஒரு வாழ்க்கைக்கு நடுவே பழைய நினைவைப் பற்றிக்கொண்டு நாளைக் கடத்தியிருக்கிறார், பாவம்தான். ஆனால் ‘உன்னை நினைத்துத்தான் என் குடும்பம் கெட்டது’ என்ற சொல்லை மட்டும் ஒரு நிமிடம்கூடச் சுமக்காதீர்கள். நீங்கள் அப்போது சேலத்தில் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தீர்கள். மும்பையில் ஒருவர் தம் மனைவியிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? எனக்கு அந்த வரியைப் படித்தபோது கோபமே வந்தது.

மீதி ஒரு லட்சத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதைக் கேட்கும் சாக்கில் அவரைச் சந்திக்கப் போகாதீர்கள். கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்குத் தாளோடு வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நேரில் போனால் பேச்சு பணத்தில் நிற்காது.

மனதை எப்படி நம்புவது என்று கேட்கிறீர்கள். நாள் குறிக்கும் கட்டத்தில், மகளும் அண்ணனும் சம்மதித்திருக்க, ஊருக்கும் பாதி தெரிந்துவிட்ட நிலையில், வேண்டாம் என்று நிறுத்தியது யாருடைய மனம்? என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ‘தாலி கட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது அம்மா, ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள்’ என்று அழுத பெண்கள் எத்தனையோ பேர். நீங்கள் முன்பணத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மனம் வேலை செய்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது.

அன்பா, ஆறுதலா என்ற கேள்விக்கு என் பதில்: ஆறுதலாகத் தொடங்கியது என்பதால் அது அன்பாகாது என்று எந்த விதியும் இல்லை. அதேசமயம் காயத்தின் கணக்கை இவர் தலையில் வைத்துப் பார்க்காதீர்கள். கிண்ணத்தைத் தட்டில் வைத்து, அதன் எடையை ஜீரோ ஆக்கிவிட்டுத்தானே கடையில் வெள்ளியை நிறுக்கிறீர்கள்? இவரையும் அப்படி நிறுத்துப் பாருங்கள். முன்னவரைப்போல இவரும் மாறிவிடுவாரோ என்று பயந்தாலும், முன்னவர் செய்யாததை இவர் செய்கிறார் என்று உருகினாலும், நிறுவையில் கிண்ணமும் சேர்ந்துவிடும்.

என்ன பார்ப்பது? மேஜை விஷயம் நல்ல அறிகுறி. உங்கள் முழங்காலை அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததை உங்களிடம் சொல்லி நன்றி வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நல்ல செயலை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அவர் சொல்வதற்கு நீங்கள் மறுப்புச் சொல்லும்போது என்ன செய்கிறார்? முடியாது என்று நீங்கள் சொன்ன மறுநாள் அவர் பேச்சு எப்படி இருக்கிறது? பிரிந்துபோன மனைவியைப் பற்றி என்ன வார்த்தைகளில் பேசுகிறார்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ‘அவள் சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்தால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். 12 வருடம் என்ன கொடுத்தார், ஜீவனாம்சம் உண்டா, பிள்ளைகள் உண்டா, அவர்கள் படிப்புக்கு யார் கட்டினார்கள்? இதையெல்லாம் கேட்பது அநாகரிகம் என்று நினைக்காதீர்கள். 52 வயதுக்காரரிடம் 47 வயதுப் பெண் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை தாலி இல்லை, மாலை இல்லை, ஒரே வீடு இல்லை, சேர்ந்து வாங்கும் கடனும் இல்லை. ‘கோயிலில் மாலை மாற்றிக்கொண்டால் போதும், மனம்தான் முக்கியம்’ என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் திருமணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போது செய்யும் இரண்டாவது திருமணம் செல்லாது. அவருக்குச் சிறைத்தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றம் அது. உங்களுக்கு மனைவி என்ற உரிமை எதுவும் வராது.

வழி இருக்கிறது, கடினமும் இல்லை. மனைவியும் சம்மதித்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர விவாகரத்து. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். மனு போட்டபின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். நீண்டகாலம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், பிள்ளைகள் விஷயமெல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. மனைவி சம்மதிக்காவிட்டால், தக்க காரணமில்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் கைவிட்டுப் போனதைக் காரணம் காட்டி மனு செய்யலாம். அது இழுக்கும், யார் யாரைக் கைவிட்டார்கள் என்பதும் விசாரணைக்கு வரும். எப்படியானாலும் வக்கீலைப் பார்ப்பதும், நாமக்கல் போய்ப் பேசுவதும், செலவு செய்வதும் அவர் வேலை. நீங்கள் ஒரு ரூபாயும் போடாதீர்கள். அந்த அம்மாளுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். அவரும் 12 வருடமாக இரண்டும்கெட்டான் நிலையில் நிற்கிறார் என்பதை நீங்களாவது நினைத்துப் பாருங்கள்.

மகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. போனமுறை ‘செய்துகொள்ளுங்கள்’ என்று தள்ளிவிட்டவள் அவள். அம்மா அழுததைப் பார்த்தவளும் அவள்தான். ‘மறுபடியுமா?’ என்று கேட்டதில் பாதி அவள் தன்னையே கடிந்துகொண்டது. அவளிடம் அனுமதி கேட்காதீர்கள். ‘இப்படி ஒருவர் இருக்கிறார், விவாகரத்து ஆகவில்லை, ஆகிறவரை எதுவும் இல்லை, நீயும் பார்’ என்று சொல்லுங்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது வீட்டில் விருந்து வைத்து அவரை உட்காரவைக்க வேண்டாம். மூவருமாக ஒரு மாலை வெளியே போய்த் தட்டுவடை செட் சாப்பிடுங்கள். நின்றுகொண்டு, பீட்ரூட் துருவல் விரலில் ஒட்ட, அடுத்த தட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மனிதர்கள் இயல்பாகப் பேசுவார்கள். உங்கள் மகள் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்வாள்.

கணவரின் படம் கூடத்திலேயே இருக்கட்டும். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சண்டையில் ஏற்கெனவே ஜெயித்துவிட்டீர்கள்.

சகோதரிக்கு வணக்கம்,

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 4 ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். 63 வயது. மனைவி காலமாகி 7 வருடம். கல்லூரியில் நான் விரும்பி, சொல்லாமலே விட்ட ஒருவர் பெங்களூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; அவரும் தனி. ஃபேஸ்புக்கில் தொடர்பு ஏற்பட்டது. சென்ற வருடம் மார்ச்சில், மழை பெய்து காப்பி பூத்த வாரம் இங்கே வந்தார். இங்கேயே இருந்துவிடலாம் என்று ஏற்காடு டவுனில் வாடகைக்கு வீடு எடுத்தார். டிசம்பரில் பறிப்பு தொடங்கியதும் நான் விடியலில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவேன். பனியும் தனிமையும் அவருக்கு ஒத்துவரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு முன் கிளம்பிப் போய்விட்டார். இப்போது போன் எடுப்பதில்லை.

இங்கே மிளகு வாங்கி விற்கும் 58 வயது அம்மாள் ஒருவர் இருக்கிறார், கணவரை இழந்தவர். காப்பிப் பழம் உரிக்க நேரமானால் தாமே வந்து ஆட்களை அதட்டி வேலை வாங்கிவிட்டுப் போவார். அவரைப் பிடித்திருக்கிறது. வசதிக்காகப் பிடிக்கிறதோ என்று சந்தேகம். பெங்களூர்க்காரருக்குத் துரோகம் செய்கிறேனா? மகன்கள் இருவர் சென்னையில். இந்த வயதில் ஊர் சிரிக்காதா?

தோட்டக்காரர், ஏற்காடு

ஐயா,

பெங்களூர் அம்மாள் மார்ச்சில் வந்ததுதான் பிரச்சினை. மழை விழுந்து எட்டு, பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து மணக்கும்போது யார்தான் இங்கே இருக்க ஆசைப்பட மாட்டார்கள்? அந்தப் பூ சில நாள்தான். பறித்த பழத்தை அன்றே உரித்தாக வேண்டிய டிசம்பரை நீங்கள் அவரிடம் முன்பே விவரமாகச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. யார் மீதும் தவறில்லை. போன் எடுக்காதவருக்கு மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள்: வந்ததற்கு நன்றி, வருத்தம் எதுவும் இல்லை, இனி நானாகத் தொந்தரவு செய்ய மாட்டேன். தபாலில் போட்டுவிடுங்கள். அதன்பின் துரோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வசதிக்காகப் பிடிக்கிறதா என்ற சந்தேகத்தை மதிக்கிறேன். நிறைய ஆண்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று நேரடியாக இறங்கிவிடுவார்கள். நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆடி மாதச் சாரலில் பறிப்பு இல்லை, உரிப்பு இல்லை, மிளகு வியாபாரமும் இருக்காது. அந்த நாட்களில் ஒரு காரியமும் இல்லாமல் அவரைப் பார்க்கப் போகத் தோன்றுகிறதா? போனால் அரைமணி நேரம் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் பேச முடிகிறதா? முடிகிறது என்றால் கேளுங்கள். கேட்கும்போதே, அவர் வியாபாரம் அவருடையது, உங்கள் ஆட்களை மேய்ப்பது அவர் பொறுப்பல்ல என்றும் சொல்லிவிடுங்கள்.

ஊர் சிரிக்குமே என்பதற்கு: ஐயரும் மேளமும் மண்டபமும் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே போதும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மகன்களுக்குத் தோட்டம் என்ன ஆகும் என்ற பயம் இருக்கும். அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், உங்கள் வயதைச் சொல்லி எதிர்ப்பார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, இருவருக்கும் நகல் கொடுங்கள். அந்த அம்மாளுக்கும் அதைக் காட்டுங்கள். அவருக்கு என்ன என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பதிவு கட்டாயம் இல்லைதான், ஆனால் பின்னால் நடக்கும் பாதிச் சண்டைகளை அது தடுக்கும்.

அன்புள்ள அம்மா,

வயது 28. அம்மாபேட்டை. கல்லூரியில் காதலித்தவர் வேலை கிடைத்துப் போனதும் விலகிவிட்டார். நான்கு வருடம் கழித்துத் திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டார். நம்பினேன். எட்டு மாதம் பழகிய பிறகு, வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள் என்று ஒரு குறுஞ்செய்தி. இப்போது அலுவலகத்தில் ஆத்தூர்க்காரர் ஒருவர் என்னிடம் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறார். எனக்கும் பிடிக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்ததை இவரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு சொல்ல வேண்டும்?

அன்பு மகளுக்கு,

வெட்கப்பட வேண்டியது குறுஞ்செய்தி அனுப்பியவன். மன்னிப்புக் கேட்டவனை நம்பியது நல்ல குணம், அதை விட்டுவிடாதே.

ஆத்தூர்க்காரரிடம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஒருவரைக் காதலித்தேன், பிரிந்தோம், அவர் திரும்பி வந்து சில மாதம் பழகினோம், அதுவும் முடிந்தது, இப்போது தொடர்பு இல்லை. கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அவன் எண் இன்னும் போனில் இருந்தால் முதலில் அதை முடக்கிவிட்டு வந்து பேசு. எங்கே போனீர்கள், என்ன பேசினீர்கள், என்ன பரிசு கொடுத்தான் என்பதெல்லாம் உன்னுடையது. கேட்டாலும் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை. பழைய செய்திகளைக் காட்டச் சொன்னாலோ, போனைக் கொடு என்றாலோ, கொடுக்காதே. கல்யாணத்துக்கு முன்பே போனைக் கேட்கிறவர் பின்னால் என்னென்ன கேட்பார் என்பதை வருடக்கணக்கில் நேரில் கேட்டவள் நான்.

நீ சொன்னதும் அவர் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேலை, சம்பளம், ஆத்தூர் வீட்டு நாய்க்குட்டி என்று வேறு பேச்சுக்குப் போகலாம். மனம் கெட்டுவிட்டதோ என்று அன்றிரவே பதறாதே. சிலருக்கு உள்ளே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். இரண்டு நாள் விடு. அதற்குப் பிறகும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை என்றால், டீ இடைவேளையில் நீயே நேராகக் கேட்டுவிடு: ‘அன்று சொன்னதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ பதில் எதுவானாலும் அதன் பிறகு வீட்டில் பேசு.